கண்ணில் பூ விழும் முன்பே: பூஞ்சைக் கருவிழிப் புண்ணைக் கண்டறிதல்

தை பிறந்து அறுவடை தொடங்கும் நாள்களிலும், ஆடிக் காற்று புழுதியை வாரி வீசும் நாள்களிலும், கருவிழிப் பிரிவின் வெளிநோயாளர் வரிசை நீள்வது வழக்கம். வில்லாபுரம், அவனியாபுரம் பகுதிகளிலிருந்து பட்டறைத் தொழிலாளர்களும், மேலூர், சோழவந்தான், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்து விவசாயக் குடும்பத்தினரும் வருகின்றனர். அவர்கள் கூறும் காரணங்கள் கேட்பதற்கு மிகச் சிறியவை. கதிரடிக்கையில் நெல் தெறித்தது. சீமைக் கருவேல முள் கீறியது. கரும்புத் தோகை உரசியது. மாட்டின் வால் கண்ணில் பட்டது. இருசக்கர வாகனத்தில் செல்கையில் பூச்சி அடித்தது. அன்று லேசான உறுத்தல் மட்டுமே இருந்திருக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அவர்கள் நம்மிடம் வரும்போது கருவிழியின் மீது வெண்ணிறப் புண் படர்ந்திருக்கும்.

கருவிழியில் வெண்மையான தழும்பு நிலைத்துவிட்டால் அதனைக் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம் ஊரில் கூறுவர். அத்தகைய பூக்களில் பல, உரிய நேரத்தில் உரிய பரிசோதனை நடந்திருந்தால் விழாமலே இருந்திருக்கும், அல்லது மிகச் சிறிய அளவில் நின்றிருக்கும். அந்தப் பரிசோதனை எது, அது ஏன் இன்றியமையாதது, அதற்கு முன்னும் பின்னும் நோயாளரும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரை வட்டாரத்தில் இந்நோய்

கருவிழிப் புண் உலகெங்கும் காணப்படும் நோயே. ஆயினும் நம் பகுதியில் அதன் அளவு மிகுதி. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 113 பேர் கருவிழிப் புண்ணால் பாதிக்கப்பட்டனர் என ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் கணக்கிடப்பட்ட அளவைக் காட்டிலும் இது ஏறக்குறைய பத்து மடங்காகும்.

1994ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 நோயாளர்களை மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்து, அதன் முடிவை 1997இல் வெளியிட்டனர். அவர்களில் 65 விழுக்காட்டினர் கண்ணில் அடிபட்ட பின் நோயுற்றவர்கள். வளர்ப்புச் சோதனையில் கிருமி வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்குப் பாக்டீரியாவும், ஏறத்தாழ அதே அளவினருக்குப் பூஞ்சையும் காரணமாக இருந்தன. குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அரிது. நம் ஊரிலோ, புண்ணுடன் வரும் இருவரில் ஒருவருக்குப் பூஞ்சை இருக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே மருத்துவர் தம் பணியைத் தொடங்க வேண்டியுள்ளது.

இந்நோயை மருத்துவ உலகிற்கு முதன்முதலில் விவரித்தவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லீபர். 1879ஆம் ஆண்டில் அவர் எழுதிய அந்த முதல் நோயாளரும் ஒரு விவசாயியே. கதிரடிக்கையில் தெறித்த உமி அவருடைய கண்ணைத் தாக்கியிருந்தது. நாடும் பயிரும் வேறாயினும் நோய் வந்த வழி ஒன்றுதான்.

பூஞ்சை நுழையும் விதம்

கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்துள்ள ஒளி ஊடுருவும் படலம். அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால்தான் அது பளிங்குபோல் தெளிவாக இருக்கிறது. ஆனால், இரத்தத்தின் வழியே வரும் பாதுகாப்பு அங்குக் குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். மேற்பரப்பில் உள்ள மெல்லிய செல் அடுக்கே அதன் முதன்மையான காவல். அந்த அடுக்கு முழுமையாக இருக்கும்வரை மண்ணிலும் காற்றிலும் மிதக்கும் பூஞ்சை வித்துகள் கண்ணில் விழுந்தாலும் கண்ணீருடன் வெளியேறிவிடும். நெல்லின் கூர்முனையோ முள்ளோ அந்த அடுக்கைக் கீறிவிட்டால், அதே பொருளில் ஒட்டியிருந்த வித்துகள் நேரே உள்ளே இறங்கிவிடுகின்றன.

நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படுவது ஃப்யூசேரியம் என்னும் பூஞ்சை. மண்ணிலும் பயிர்களிலும் இயல்பாக வாழ்வது அது. அடுத்த நிலையில் இருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ். இவை நூல் போன்ற இழைகளாக வளர்ந்து கருவிழியின் அடுக்குகளுக்கிடையே பரவும் இயல்புடையவை. ஆழமாகச் சென்ற பின் சொட்டு மருந்து அவற்றை எட்டுவது கடினம். நாள் கடந்து வருவது ஏன் இடர் மிகுந்தது என்பதற்கு இதுவே விடை.

அறிகுறிகள்

கண் சிவத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, மண் விழுந்தாற்போன்ற உறுத்தல், வலி, பார்வை மங்குதல், கருவிழியில் வெண்புள்ளி தோன்றுதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். பூஞ்சைப் புண் பெரும்பாலும் மெதுவாகவே வளர்கிறது. முதல் சில நாள்களில் வலி குறைவாக இருப்பதும் உண்டு. இதனால் 'தானே சரியாகிவிடும்' என்ற எண்ணம் ஏற்படுகிறது.

மருத்துவர் ஸ்லிட் லேம்ப் எனப்படும் பிளவு ஒளி நுண்ணோக்கியில் பார்க்கையில் சில அடையாளங்கள் தென்படலாம். புண்ணின் விளிம்பு இறகுபோல் பிசிறாக இருத்தல், புண்ணின் மேற்பரப்பு வறண்டு சற்றே மேடாக இருத்தல், முதன்மைப் புண்ணைச் சுற்றிச் சிறிய புள்ளிகள் அமைதல், கருவிழிக்குப் பின்னுள்ள அறையில் சீழ் தேங்குதல் ஆகியவை அவை.

பார்த்தால் மட்டும் போதாதா?

'இத்தனை அனுபவமுள்ள மருத்துவர் பார்த்தாலே தெரிந்துவிடாதா? எதற்காகக் கண்ணைச் சுரண்ட வேண்டும்?' என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பே. இதற்கு ஆய்வின் வழியாகவே விடை கிடைத்துள்ளது. கருவிழிப் புண்களின் நிழற்படங்களைக் கருவிழி வல்லுநர்களிடம் காட்டி, இது பாக்டீரியாவா, பூஞ்சையா எனக் கேட்ட ஓர் ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. அவர்கள் சரியாகக் கூறியது ஏறத்தாழ 66 விழுக்காடு மட்டுமே. அதாவது, தேர்ந்த வல்லுநரும் மூன்றில் ஒரு முறை தவறக்கூடும்.

இரண்டிற்கும் மருந்துகள் முற்றிலும் வேறானவை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. பூஞ்சைக்கான மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. மருந்து தவறாக அமைந்தால், சிகிச்சை பெறுகிறோம் என்ற நிறைவுடன் நோயாளர் இருக்கும் ஒரு வாரத்திலேயே கிருமி கருவிழியின் ஆழத்தை அடைந்துவிடும். எனவேதான் சந்தேகத்திற்குரிய புண் எதுவாயினும் சுரண்டல் பரிசோதனையை வலியுறுத்துகிறோம்.

சுரண்டல் பரிசோதனை நடைபெறும் விதம்

'சுரண்டல்' என்ற சொல் அச்சத்தைத் தருகிறது. நடைமுறை எளியது, ஊசி இல்லை, மயக்க மருந்து ஏற்றுவதும் இல்லை. முதலில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விடப்படும். ஒரு நிமிடத்திற்குள் கண் மரத்துவிடும். நோயாளர் ஸ்லிட் லேம்பின் முன் அமர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, மருத்துவர் தூய்மைப்படுத்தப்பட்ட மெல்லிய தகட்டுக் கருவியால் புண்ணின் அடிப்பகுதியிலிருந்தும் விளிம்பிலிருந்தும் சிறிதளவு திசுவை எடுப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மருந்தின் வேகம் குறைந்ததும் சற்று நேரம் எரிச்சல் இருக்கலாம்.

எடுத்த திசு பல பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பங்கு கண்ணாடிச் சில்லில் வைக்கப்பட்டு, அதன்மீது 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விடப்படும். உங்கள் சீட்டில் 'கே.ஓ.எச்.' என்று எழுதப்படுவது இதுவே. இக்கரைசல் நம் கண்ணின் செல்களைக் கரைத்துத் தெளிவாக்குகிறது. பூஞ்சையின் உறுதியான செல்சுவர் அதில் கரைவதில்லை. நுண்ணோக்கியில் பார்க்கையில் கிளைவிட்ட இழைகள் தெளிவாகத் தென்படும். ஆய்வகத்திலிருந்து பெரும்பாலும் அன்றே, ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே விடை வந்துவிடும். மற்றொரு சில்லில் கிராம் சாயம் ஏற்றிப் பாக்டீரியா இருக்கிறதா எனப் பார்க்கப்படும்.

எஞ்சிய பங்கு, கிருமிகள் வளர்வதற்கான ஊட்டப்பொருள் நிறைந்த தட்டுகளில் இடப்படுகிறது. பாக்டீரியா பெரும்பாலும் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். பூஞ்சைக்கு இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை, சில வேளைகளில் இரண்டு வாரம் வரை ஆகும். எந்த வகைப் பூஞ்சை என்பது இதில்தான் உறுதியாகும். ஆகவே, முதல் நாள் சிகிச்சை கே.ஓ.எச். முடிவை ஒட்டித் தொடங்கப்பட்டு, வளர்ப்பு முடிவு வந்த பின் தேவையெனில் மாற்றப்படும். 'மருந்தை மாற்றிவிட்டார்களே, முன்பு கொடுத்தது தவறா?' என்று கலங்க வேண்டியதில்லை.

சில நேரங்களில் முதல் சுரண்டலில் கிருமி கிடைக்காமல் போகலாம். முன்னரே பல மருந்துகளை விட்டிருந்தால் இவ்வாறு நிகழ்கிறது. பூஞ்சை மிக ஆழத்தில் இருந்தாலும் மேற்பரப்புத் திசுவில் அது அகப்படாது. அப்போது மீண்டும் சுரண்டவோ, சிறு துண்டுத் திசு எடுக்கவோ நேரிடும். கன்ஃபோகல் நுண்ணோக்கி என்னும் கருவியும் உள்ளது. திசு எடுக்காமலேயே உயிருள்ள கருவிழியின் அடுக்குகளில் பூஞ்சை இழைகளைக் காண அது உதவுகிறது. ஆயினும் எல்லா ஊர்களிலும் அது கிடைப்பதில்லை. கண்ணாடிச் சில்லும் ஒரு துளிக் கரைசலும் சாதாரண நுண்ணோக்கியுமே இன்றும் நம் முதல் துணை.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் இடர்

கண் சிவந்தவுடன் மருந்துக் கடையில் நேரடியாகச் சொட்டு மருந்து வாங்குவது பரவலான வழக்கம். 'மெட்ராஸ் ஐ' வந்தபோது வாங்கிய பழைய பாட்டிலை வீட்டில் தேடி எடுப்பதும் உண்டு. இத்தகைய மருந்துகளில் சிலவற்றில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்துள்ளன. ஸ்டீராய்டு, அழற்சியைத் தணிக்கும். சிவப்பும் வலியும் ஓரிரு நாள் குறையும். நோய் குணமாகிறது என்ற தோற்றம் உண்டாகும். உண்மையில், உடலின் எதிர்ப்பு ஆற்றலை அது அடக்கிவிட்டதால் பூஞ்சை தடையின்றிப் பரவிக்கொண்டிருக்கும். வேறு பல கண் நோய்களுக்கு ஸ்டீராய்டு அரிய மருந்து. ஆனால் காரணம் அறியாத கருவிழிப் புண்ணில் அதனை விடுவது, தீப்பிடித்த வீட்டில் அபாய மணியை மட்டும் நிறுத்துவதற்கு ஒப்பாகும். நீங்கள் ஏதேனும் மருந்து விட்டிருந்தால் மறைக்காமல் அந்தப் பாட்டிலையே எடுத்து வாருங்கள். எவரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.

சிகிச்சை: மருந்தும் பொறுமையும்

பூஞ்சை இழைகள் உறுதியானதும் தொடங்கப்படும் முதன்மை மருந்து, 5 விழுக்காடு நாட்டமைசின் சொட்டு மருந்து. இது 1950களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. இதன் பெயரும் அவ்வூரிலிருந்தே வந்தது. பின்னர் வந்த வோரிகோனசோல் இதனைவிடச் சிறந்ததாக இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. அரவிந்த் கண் மருத்துவமனைகளும் சான் பிரான்சிஸ்கோவின் பிராக்டர் ஆய்வு நிறுவனமும் இணைந்து 323 நோயாளர்களிடம் அதனை ஒப்பிட்டு ஆராய்ந்தன. 2013இல் வெளியான முடிவு நாட்டமைசினுக்கே சாதகமாக அமைந்தது. குறிப்பாக, ஃப்யூசேரியம் தொற்றில் நாட்டமைசின் பெற்றவர்கள், பார்வைப் பலகையில் சராசரியாக ஏறத்தாழ நான்கு வரிகள் கூடுதலாகப் படித்தனர். தமிழ்நாட்டு நோயாளர்களின் ஒத்துழைப்பால் கிடைத்த இவ்விடை உலகெங்கும் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. நாட்டமைசின் 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

'சொட்டு மருந்துடன் மாத்திரையும் கொடுத்தால் விரைவில் ஆறாதா?' என்றும் கேட்கின்றனர். முற்றிய பூஞ்சைப் புண் உள்ள 240 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், வோரிகோனசோல் மாத்திரையைச் சேர்த்ததால் மொத்தத்தில் கூடுதல் நன்மை காணப்படவில்லை, பக்கவிளைவுகளே மிகுந்தன. எனவே மாத்திரை அனைவருக்கும் தரப்படுவதில்லை. தேவைப்படுவோருக்கு மருத்துவர் தேர்ந்து தருவார்.

நாட்டமைசின் பாலைப் போன்ற கலங்கல் மருந்து. ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்கு குலுக்கிய பின்பே விட வேண்டும். இல்லையேல் மருந்து அடியிலேயே தங்கிவிடும். கண்ணோரத்தில் வெண்மையாகப் படிவது மருந்தே; சீழ் அன்று. தொடக்க நாள்களில் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மணிக்கு ஒரு முறை விட வேண்டியிருக்கும். சிலருக்கு இரவிலும் தேவைப்படும். இங்குதான் குடும்பத்தினரின் பங்கு மருத்துவரின் பங்கிற்கு இணையாகிறது. ஒருவர் மட்டுமே இதைச் செய்தால் நான்காம் நாளில் சோர்ந்துவிடுவார். வீட்டில் இருவர் முறை வைத்துக்கொண்டு, ஒரு தாளில் நேரத்தைக் குறித்து விடுவது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்ட சொட்டு மருந்துகள் இருந்தால் இடையே 5 நிமிடம் விடுங்கள்.

பூஞ்சைப் புண் ஆறுவதற்கு வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்களும் ஆகும். முதல் வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் இருப்பதே மருந்து தோற்றுவிட்டதற்குச் சான்று ஆகாது. புண் மேலும் பரவாமல் நின்றிருந்தாலே அது நல்ல அறிகுறி. வலி குறைதலும் விளிம்பு மழுங்குதலும் அடுத்தடுத்து வரும். வலி நின்றதும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவது, அடங்கியிருந்த பூஞ்சை மீண்டும் தலையெடுக்க வழிவகுக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இக்காலத்தில் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பது புண் ஆறுவதற்குத் துணைசெய்யும்.

மருந்துக்குக் கட்டுப்படாமல் கருவிழி மிகவும் மெலிந்தாலோ, துளை விழுந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். சிறு துளையைத் திசுப் பசையால் அடைக்க முடியும். பெரிய புண்ணில், தொற்றுள்ள கருவிழியை அகற்றி, கொடையாகப் பெற்ற கருவிழியைப் பொருத்த நேரிடும். அப்போது முதல் நோக்கம் கண்ணைக் காப்பதே. பார்வையைத் தெளிவாக்குவது அடுத்த கட்டம். இதற்கான கருவிழிகள் முன்பின் அறியாத குடும்பங்கள் துயரத்தின் நடுவிலும் தந்தவை. இறந்த 6 மணி நேரத்திற்குள் கண்தானம் செய்ய வேண்டும் என்பதைக் குடும்பத்தில் அனைவரும் அறிந்திருப்பது நன்று.

உலக அளவில் ஆண்டுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்கள் பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு ஆளாகின்றன என்றும், அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்று அகற்றப்படும் நிலைக்குச் செல்கிறது என்றும் 2021இல் வெளியான ஆய்வுக் கட்டுரை மதிப்பிடுகிறது. அதற்குள் நம் வீட்டுக் கண் ஒன்று சேராதிருக்க முதல் இரண்டு நாள்கள் மிகவும் முக்கியமானவை.

கண்ணில் அடிபட்டால்

மதுரை மாவட்டத்தின் இரண்டு ஊராட்சிகளில் ஏறத்தாழ 48,000 மக்களை 18 மாதங்கள் கவனித்து வந்த ஆய்வு ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. கிராம நலப் பணியாளர்கள், கருவிழியில் கீறல் ஏற்பட்ட 374 பேருக்கு உடனடியாகக் களிம்பு மருந்தை நாளுக்கு மூன்று முறை என மூன்று நாள்கள் இட்டனர். அவர்களில் ஒருவருக்கும் கருவிழிப் புண் ஏற்படவில்லை. கீறல் புண்ணாக மாறும் முன்பே கவனித்தால் போதும் என்பதை நம் மண்ணிலேயே மெய்ப்பித்த ஆய்வு இது.

செய்ய வேண்டியவை:

• கண்ணைத் தேய்க்காமல் தூய குடிநீரால் கழுவுங்கள்.
• உறுத்தல் தொடர்ந்தால் அன்றே, அல்லது மறுநாளே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.
• எதனால், எப்போது அடிபட்டது என்பதைச் சொல்லுங்கள். விட்ட மருந்துகளைக் கொண்டு வாருங்கள்.
• கதிரடிப்பு, வெல்டிங், இரும்பு அறுத்தல், தேங்காய் உரித்தல், வேலி வெட்டுதல் போன்ற வேலைகளில் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

செய்யக் கூடாதவை:

• தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச் சாறு, நந்தியாவட்டைப் பூச்சாறு முதலியவற்றை விடாதீர்கள்.
• நாக்கால் தூசி எடுக்கவோ, துணி முனையால் துழாவவோ எவரையும் அனுமதிக்காதீர்கள். வாயிலுள்ள கிருமிகள் காயத்தில் சேரும்.
• மருந்துச் சீட்டு இன்றிச் சொட்டு மருந்து வாங்காதீர்கள்; பிறருடைய மருந்தைப் பயன்படுத்தாதீர்கள்.
• புண் உள்ள கண்ணைத் துணியால் இறுகக் கட்டி மூடாதீர்கள்.

இரண்டு ஐயங்கள்

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா? பூஞ்சைக் கருவிழிப் புண் 'மெட்ராஸ் ஐ' போன்று பரவுவதில்லை. நோயாளரைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. மருந்து விடும் முன்னும் பின்னும் கைகளைச் சோப்பால் கழுவினால் போதும்.

கொரோனா காலத்தில் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை நோய் இதுவா? அன்று. 2021இல் பலரைத் தாக்கிய அந்த நோய், மூக்கு, சைனஸ் வழியே பரவிக் கண்குழியையும் மூளையையும் தாக்கக்கூடியது. கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளோரையே அது மிகுதியாகப் பாதித்தது. இங்கு நாம் பேசுவது, வெளிக்காயத்தால் கருவிழியில் மட்டும் தோன்றும் புண். உடல்நலம் நன்றாக உள்ள இளைஞருக்கும் இது வரலாம்.

கருவிழிப் புண்ணில் மருத்துவரின் கையில் உள்ளவை நுண்ணோக்கியும் மருந்தும். நோயாளரின் கையில் இருப்பது காலம். அடிபட்ட கண்ணில் வேறெதுவும் விடாமல் உடனே வருவதும், சுரண்டல் பரிசோதனைக்கு அச்சமின்றி இசைவதும், சொன்ன நாள்வரை மருந்தை விடுவதும் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான கண்களைக் காப்பாற்ற இயலும். அடுத்த அறுவடை தொடங்கும் முன் இதனை வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். களத்தில் உடன் வேலை செய்வோரிடமும் சொல்லுங்கள்.